வியாழன் டீச்சர்

அக்காவின் நினைவுக் கூட்டத்துக்கு அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார் பாதிரியார். முப்பத்தெட்டு வருட ஊழியம், ஆறு தெரு, நூற்றுச் சொச்சம் வீடு, சொந்தபந்தங்களை விட்டு வந்த தியாகி என்றெல்லாம் எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் வாசித்தார்கள். தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். அக்கா யாரையும் விட்டு வரவில்லை. அவரைத்தான் விட்டார்கள். அரைப் பக்கத்தில் அடங்காத அந்த மீதியை இங்கே எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

நான் மிஷன் ஆபீசில் இருபத்தொன்பது வருடம் டைப்பிஸ்ட். அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல, ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருடைய வேலைக்குப் பதிவேட்டில் ‘வேதாகமப் பெண்’ என்று பெயர். பாதிரியார்களை எந்த வீட்டிலும் உள்ளே விடமாட்டார்கள், வாசலோடு சரி. அதனால் பெண்களிடம் பேச ஒரு பெண்ணை அனுப்பினார்கள். சமையலறை வேலை முடிந்து, ஆண்கள் திரும்புவதற்கு முன்னால் இருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் அக்கா வீடு வீடாகப் போவார். எழுத்துச் சொல்லிக் கொடுப்பார், தையல் சொல்லிக் கொடுப்பார், கடைசியில் வேதத்தில் ஒரு பக்கம் வாசிப்பார். முதல் இரண்டுக்கும் இருக்கும் கூட்டம் மூன்றாவதற்கு இருக்காது. அடுப்பில் பால் வைத்த ஞாபகம் எல்லோருக்கும் அப்போதுதான் வரும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கிழமை. ஆகவே ஒரு தெருவில் அவர் திங்கள் டீச்சர், இன்னொன்றில் செவ்வாய் டீச்சர். இத்தனை வீடு ஏறி இறங்கியும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது.

பத்தொன்பது வயதில் கால் முறிந்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் படுத்திருந்தார். பொழுது போகாமல் தவித்த பெண்ணுக்கு ஒரு நர்ஸ் எழுத்துக் கற்றுக் கொடுத்தாள். கட்டிலருகே இருந்த ஒரே புத்தகம் வேதம். முதலில் வாசிப்புப் பிடித்தது, பிறகு விசுவாசம் பிடித்தது, இரண்டும் எந்த இடத்தில் சேர்ந்ததென்று தனக்கே தெரியாது என்பார். ஞானஸ்நானம் வாங்கிய மறுநாள் அவருடைய அண்ணன் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்து, அவளைத் தலைமுழுகியாச்சு, இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அம்மா பின்னால் நின்றார். மகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கமாவது கட்டி அணைத்துக்கொண்டார்களா என்றால், அதுவும் இல்லை. எங்கள் சபையில் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் என்று மார்தட்டுகிற குடும்பங்கள் உண்டு. கோயிலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெஞ்சு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் அடுத்தவர் உட்காரமாட்டார்கள். என் வீட்டுப் பெஞ்சில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது. வாருங்கள் என்று நான் கூப்பிட்டதில்லை. அக்கா தூணை ஒட்டிக் கிடந்த ஒரு நாற்காலியில் உட்காருவார். பாதிரியார் இரண்டு முறை கல்யாணப் பேச்சு எடுத்தார். இரண்டு முறையும் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டுச் சார்பில் யார் வருவார்கள் என்று கேட்டார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

பன்னிரண்டு வருடம் இப்படியே ஓடியது. அப்புறம் அண்ணி சொல்லியனுப்பினார். கட்டிக் கொடுத்த மகள் தூரத்து ஊரிலிருந்து கடிதம் போடுகிறாளாம். ஒவ்வொன்றையும் புருஷன் வாசித்துச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அவர் பாதியை முழுங்கிவிடுகிறார் என்பது அண்ணியின் சந்தேகம். படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், சொல்லிக் கொடுக்க ஊரில் இருக்கிற ஒரே பெண் நாத்தனார். அண்ணன் வக்கீல் குமாஸ்தா. எதையும் நிபந்தனை போட்டுத்தான் ஒத்துக்கொள்வார். டீச்சராக வரலாம், தங்கையாக வரக்கூடாது. அம்மாவிடம் பேசக்கூடாது. அந்தப் புத்தகத்தை வீட்டுக்குள் திறக்கவே கூடாது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அதன்பிறகு வியாழன் மூன்று மணி என்றால் அக்கா நடக்கிற நடையே வேறு. பாடம் கூடத்தில் நடக்கும். உள்ளறைக் கட்டிலில் அம்மா படுத்திருப்பார், கதவு திறந்திருக்கும். பேசக்கூடாது என்றுதானே சொன்னார் அண்ணன், மருமகளிடம் பேசலாமே! “டீச்சருக்குத் தண்ணி குடுத்தியா?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். பெரியவங்களுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று அக்கா அண்ணியைக் கேட்பார். டீச்சர் ஏன் இளைச்சுப் போயிருக்காங்க என்று கேள்வி வரும். பெரியவங்க வெந்நீர் குடிக்கணும் என்று பதில் போகும். நடுவில் மாட்டிய அண்ணி, பாடத்தை விட இதுதான் கஷ்டம் என்று சிரிப்பாராம். மாதக் கடைசியில் அறிக்கை கொடுக்க வரும்போது அக்கா இதையெல்லாம் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த அறிக்கையில்தான் வினை இருந்தது. எந்த வீடு, எந்தப் பகுதி வாசிக்கப்பட்டது, கேட்டவர் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். பொய் எழுத அக்காவுக்கு வராது. வியாழன் வீட்டுக்கு நேராக ‘எழுத்துப் பாடம் மட்டும்’ என்றே எழுதி வந்தார். மிஷனை நடத்திய வெளிநாட்டு அம்மாவை நாங்கள் மிஸ்ஸம்மா என்போம். இரண்டு வருடமாக வேதம் வாசிக்கப்படாத வீட்டை விட்டுவிட்டு வேறு வீடு பாருங்கள் என்றார் அவர். வேலைக்கு ஆள் குறைவு, அவர் சொன்னதில் தப்பில்லை. அது யார் வீடு என்று அக்கா சொன்னார். மிஸ்ஸம்மா கண் கலங்கினார், ஆனால் விதியை மாற்றவில்லை. இன்னும் ஒரே ஒரு வியாழக்கிழமை போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னார்.

அக்கா போய், அடுத்த வாரத்திலிருந்து வரமாட்டேன் என்று அண்ணியிடம் சொன்னார். உள்ளறைக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே காரணத்தையும் சொன்னார். அப்போதுதான், அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அம்மா நேராக அவரிடமே பேசினார்.

“எடு அந்தப் புத்தகத்தை. உள்ள வந்து வாசி.”

அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை அக்கா அன்று மீறினார். வீட்டை விட்டுப் போன பிள்ளை திரும்பி வருகிற கதையை வாசித்தார். முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா, “அப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சுக்கிட்டான், சரி. அந்தப் பிள்ளையோட அம்மா எங்க போனா?” என்றார். அதில் எழுதவில்லை என்றார் அக்கா. “எழுதாம விட்டுட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அறிக்கையிலும் அவ்வளவுதான் இருந்தது. ‘வாசித்தேன். கேட்டவர் ஒருவர். ஒரு கேள்வி கேட்டார். பதில் எனக்குத் தெரியவில்லை.’ வேதம் வாசித்தாயிற்று என்பதால் வீடு பட்டியலில் நின்றது, வியாழன் பாடமும் தொடர்ந்தது.

மிஸ்ஸம்மா தன் நாட்டுக்கு அனுப்புகிற செய்தி மடலில் இதைக் கண், காது, மூக்கு வைத்து எழுதினார். மகளைத் துரத்திய கிழத்தாய் கண்ணீர் விட்டு மனந்திரும்பிவிட்டாள், கல்நெஞ்சக்கார மகனுக்குப் பயந்து ரகசியமாக ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கிறாள் என்று ஒரு பக்கம். மிஸ்ஸம்மா தன் அம்மாவைப் பார்த்தும் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஏக்கத்தில்தான் எழுதினாரோ என்னவோ. அக்காவின் அறிக்கை ஒரு கையில், மிஸ்ஸம்மாவின் காகிதம் மறு கையில் வைத்துக்கொண்டு மடலை டைப் அடித்தவன் நான். பொய் என்று தெரிந்தே அடித்தேன். கடல் கடந்து போகிற தாள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து அண்ணன் கண்ணாடி மாற்ற எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காத்திருப்போர் பெஞ்சில் மீந்துபோன மடல்கள் கிடந்தன. வக்கீல் குமாஸ்தா, மடலில் இருந்த இங்கிலீஷ் அவருக்கு நன்றாகவே தெரியும். கண் பரிசோதனைக்குக்கூட நிற்காமல், மடலோடு நேராக ஆபீசுக்கு வந்தார். மிஸ்ஸம்மா வெளியூர் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

“அம்மா மதம் மாறிட்டாங்கன்னு அவ எழுதிக் குடுத்தாளா? அதை மட்டும் சொல்லுங்க.”

என் முதுகுக்குப் பின்னால் அலமாரி. அதில் அக்காவின் அறிக்கை. எழுந்து ஒரு தாளை எடுத்து நீட்டினால் போதும். நீட்டினால் மிஸ்ஸம்மா எழுதியது பொய் என்றாகும், என் வேலை போகும். எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள்.

“எனக்குத் தெரியாதுங்க,” என்றேன்.

அந்த வியாழக்கிழமை அக்காவுக்குக் கதவு திறக்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. ஏன் என்று தெரிந்ததும் அக்கா என்னிடம் வந்தார், அண்ணன் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று விசாரித்தார். சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து போய்விட்டார், அதன்பிறகு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்ததே இல்லை. அறிக்கையை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். பட்டியலிலிருந்து அந்த வீட்டை எடுத்த பிறகும் அவர் வியாழன் மூன்று மணிக்கு அங்கே போய், மூடிய கதவுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்பாராம். தட்டமாட்டார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போவார். ஏழு மாதம் அப்படி நின்றார்.

அம்மா இறந்த செய்தியை, பாடம் நடத்திக்கொண்டிருந்த இன்னொரு வீட்டில் யாரோ பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். அக்கா போய் அண்ணன் வீட்டுக்கு எதிர்ச் சாரியில் நின்றார். அண்ணன் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு போகும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார்.

ஒரு மாதம் கழித்து அண்ணி ஆபீசுக்கு வந்து அக்காவின் அறை எங்கே என்று கேட்டார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. அந்த அறைக்கு அக்காவின் குடும்பத்திலிருந்து ஒருவர் வருவது அதுதான் முதல் தடவை. அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அண்ணி உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“மூணு மணி ஆனா அத்தைக்குத் தெரிஞ்சிடும். டீச்சர் வந்திருக்காங்க, கதவைத் திறன்னு சொல்லுவாங்க. உங்க அண்ணன் சாவியை எடுத்துட்டுப் போகலை. என்கிட்டதான் இருந்தது. எனக்குப் பயம்.”

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கடைசி வாரம் டீச்சர்னு சொல்லலை. என் பொண்ணு வெயில்ல நிக்கிறா, திறடீன்னாங்க.”

“அப்பவும் திறக்கலையா அண்ணி?” என்று கேட்டார் அக்கா.

“திறக்கலை.”

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார், அப்புறம் அண்ணியின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.