வேலி போட்ட வருஷம்

பெண்ணாக இருந்தாலும் திருவனந்தபுரத்தில் ஆபீசில் இருப்பவர் எல்லாரும் ‘சார்’தான். கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருக்கும் என்னையும் மாடு வளர்ப்பவர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பசுவுக்குச் சினை ஊசி போடப் படித்தவளை, மாட்டுக்கும் பறவைக்கும் நடுவே பஞ்சாயத்துப் பேச ஏன் உட்கார வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

விழிஞ்ஞம் போகும் வழியில் ஒரு தரிசு வெளி உண்டு. அங்கே நெல் போடுவதை விட்டுப் பல காலமாகிறது. முளைத்த புல்லில் அக்கம்பக்கத்து மாடுகள் மேய்ந்தன. அதே புல்லில் ஆள்காட்டிக் குருவிகள் தரையிலேயே முட்டையிட்டன. மழைக்குப் பிறகு எங்கிருந்தோ பறந்து வந்து இறங்கும் பறவைகள் வேறு. ஒரு மாசியில் மாட்டுக் குளம்பு பட்டு உடைந்த முட்டைகளை யாரோ படம் எடுக்க, அது ஊர் முழுக்க போனுக்குப் போன் போயிற்று. உடனே கமிட்டி.

அதில் அதிகம் பேசியவர் ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற எஞ்சினியர். கழுத்தில் எப்போதும் பைனாகுலர்.

“வேலி போட்டுடலாம். மாடு உள்ளே வரப்படாது. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார்.

“வருஷம் முழுக்கவா சார்? கூடு வைக்கிற மாசம் மட்டும் அந்த மூலையை அடைச்சாப் போதாதா?” என்று கேட்டேன்.

“நீங்க மாட்டுப் பக்கம்தானே பேசுவேள்!”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

மாடு வளர்ப்பவர்கள் சார்பில் ஒரே ஒரு பெண் வந்திருந்தார். பாறசாலைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், அந்த வெளிக்குப் பக்கத்தில் ஐந்து பசு வைத்திருந்தார். வாசலோரம் ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள். அவர் எழுந்து நின்றார்.

“சாரே, ஒரு காரியம் சொல்லட்டா? பசு கடிக்காம விட்டா புல்லு இடுப்பளவு நிக்கும். அந்த ஆள்காட்டிக் கிளி சுத்தும் கண்ணு தெரியுற எடத்திலயாக்கும் முட்டையிடும். நாயும் கீரியும் வாறது அதுக்குத் தெரியாண்டாமா?”

“பாக்கலாம், பாக்கலாம்” என்றார் தலைமை வகித்தவர். கூட்டக் குறிப்பை எழுதியது நான். ‘ஏகமனதாக’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அந்த எரிச்சல் அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

வேலி வந்தது. ஆனியில் மழை பிடித்ததும் புல் எழும்பியது; கார்த்திகைக்குள் உள்ளே போனால் ஆள் தெரியாது. தையில் எஞ்சினியர் போன் செய்தார். “ஒரு பறவைகூட இறங்கல்லே. மேலே வட்டமடிச்சுட்டுப் போயிடறது. என்ன பண்றதுன்னே தெரியல்லே.”

மறுபடி கமிட்டி. இந்த முறை, புல் வெட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம் என்று ஒருவர் எழுதியே கொண்டுவந்திருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“புல் தின்கிற வாயை வேலிக்கு வெளியே நிறுத்திட்டு, உள்ளே டீசல் ஊத்தி மெஷின் ஓட்டப் போறோமா? மெஷினுக்கு முட்டை கண்ணுக்குத் தெரியுமா?” என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

எஞ்சினியர் பைனாகுலரைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அந்த அம்மா அன்னிக்கே சொன்னா. நான்தான் காதுல போட்டுக்கல்லே” என்றார். அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகவேண்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டார்.

தொழுவத்தில் மூன்று பசுதான் நின்றன. தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் இரண்டை விற்றுவிட்டாராம். எஞ்சினியர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அந்தப் பெண் கேட்கவே தயாராக இல்லை.

“அது போட்டும் சாரே. வேலிய எப்பம் தொறப்பிய?”

அந்த வாரமே திறந்தார்கள். மாடுகள் பத்து நாளில் புல்லை வழித்துவிட்டன. கூடு எங்கே இருக்கிறது என்று மேய்ப்பவர்களே காட்ட, எஞ்சினியர் வெயிலில் குனிந்து குனிந்து குச்சி நட்டார். அந்தப் பக்கம் மட்டும் மாட்டைத் திருப்பிவிட்டார்கள். அப்படியும் ஒரு கூடு மிதிபட்டது. மற்றவற்றில் குஞ்சு பொரித்தது. அடுத்த மழைக்குப் பிறகு வெளியூர்ப் பறவைகளும் இறங்கின, மாடுகளின் காலுக்கு நடுவிலேயே பூச்சி பொறுக்கின.

இதோடு விட்டார்களா? போன வாரக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், “இவ்வளவு அழகான இடம். சுத்தி டைல்ஸ் போட்டு, பெஞ்சு வெச்சு, லைட்டும் போட்டா ஜனங்க வந்து நடப்பாங்களே” என்றார். எஞ்சினியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “சார், ஒரு நிமிஷம்” என்று ஆரம்பித்தேன்.