அட்லஸில் இல்லாத தீவு

ஒரு கல்யாணப் பந்தியில், யாரும் கேட்காமலே அட்லாண்டிக் சமுத்திரத்து மணல் தீவு ஒன்றைப் பற்றிப் பேசிப் பேசி, பக்கத்து இலைக்காரரை மோர் வாங்காமலே எழுந்து ஓட வைத்தவள் நான். போன மாதம்தான் நடந்தது. அந்தத் தீவுக்கு நான் போனதில்லை. மூணாறு பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிறவளை யார் அவ்வளவு தூரம் கூட்டிப்போவார்கள்? ஆனாலும் தேனி மாவட்டத்தில் அதைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் இருக்க முடியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தலையெழுத்தும் வேறு யாருக்கும் இல்லை.

சால் என்பது அதன் பெயர். போர்த்துகீசிய மொழியில் உப்பு என்று அர்த்தம். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் தட்டையாகக் கிடக்கும் தரை. போர்த்துகீசியர் வந்து பார்த்தபோது அங்கே மனித வாடையே இல்லை. ஆடுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அவிந்துபோன எரிமலையின் வாய்க்குள் கடல்நீர் கசிந்து உப்பு விளைவதைக் கண்டதும், அடிமைகளைக் கொண்டுவந்து வாரச்செய்து பிரேசிலுக்குக் கப்பலேற்றினார்கள். சகாராவின் மணலைக் காற்று அள்ளிவந்து அங்கே கொட்டும். பின்னால் ஒரு விமான நிலையமும் வந்தது. அதை நம்பித்தான் என் மாமாவை அங்கே இறக்கினார்கள்.

மாமா, அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் சமையல்காரர். கம்பத்தில் வாய்க்காலுக்கும் திராட்சைப் பந்தலுக்கும் நடுவில் வளர்ந்தவர். காலையும் மாலையும் குளிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நடுக்கடலில் காய்ச்சல் கண்டது. விமானத்தில் ஊருக்கு அனுப்பலாம் என்று தீவில் இறக்கியிருக்கிறார்கள். விமானம் வருவதற்குள் அவர் போய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்தாயிற்று என்று கப்பல் கம்பெனி ஏஜெண்டு வீட்டுக்கு வந்து சொல்லி, மாமாவின் பெட்டியை நடுவீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அப்போது ஆடி மாதம். ஆவணியில் மாமா மகளுக்கு, அதாவது எனக்கு மதினி, கல்யாணம் வைத்திருந்தது. வடுகபட்டி மாப்பிள்ளை. துக்கம் என்று ஒப்புக்கொண்டால் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். தள்ளினால் மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்ப்பார்கள். அப்பனை விழுங்கியவள் என்ற பேர் மதினிக்கு ஒட்டிக்கொள்ளும்.

தெருக்கதவைச் சாத்திவிட்டுத் தாத்தா அத்தையின் முன்னால் உட்கார்ந்தார். பெற்ற மகனுக்காக மருமகளிடம் கெஞ்சினார்.

“ஆத்தா, கொள்ளி வைக்கத்தான் ஒடம்பு இல்ல. சுருளி அருவிக்குப் போயிக் காரியமாச்சும் செஞ்சிருவோம். எம்மகன் வழி தெரியாம நிப்பான்.”

அத்தை அழவில்லை. “பொட்டியக் கொண்டாந்து வச்சுட்டா ஆச்சா மாமா? யாரு பாத்தாக? அப்பிடி ஒரு ஊரு இருக்குன்னு யாரு கண்டாக?” என்றவள், சட்டென்று என் பக்கம் திரும்பினாள். “ஏ புள்ள, ஒன் அட்லஸ எடுத்தா. அந்த ஊரு எங்கன இருக்குன்னு பாத்துச் சொல்லு.”

நான் அப்போது ஆறாம் வகுப்பு. அந்த வீட்டில் அட்லஸ் வைத்திருந்த ஒரே ஜீவன். ஒரு வீடே என் வாயைப் பார்ப்பது அதுதான் முதல்முறை. அட்லாண்டிக் சமுத்திரம் முழுக்க விரலால் துழாவினேன். நீலம்தான் இருந்தது.

“அப்படி ஒண்ணு கிடையாது” என்றேன், கலெக்டர் மாதிரி.

“கேட்டீகளா மாமா?” என்றாள் அத்தை.

தாத்தா ஒரு வரப்புத் தகராறில், சர்வே படத்தில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தன் கண்முன்னால் கிடந்த நிலத்தை விட்டுக்கொடுத்தவர். அச்சடித்த படத்தில் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. எழுந்து போய்த் தோட்டத்தில் தனியாக உட்கார்ந்துகொண்டார். பந்தக்கால் ஊன்றினார்கள்.

அட்லஸில் இல்லாத ஊர் எங்கேதான் இருக்கும் என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு உலகப் படம் உண்டு. அதில் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் எள்ளளவு புள்ளியாய்த் தீவு கிடந்தது. டீச்சர் தடித்த புத்தகம் ஒன்றைப் பார்த்து மிச்சத்தையும் சொன்னார். ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். அத்தை அடுப்படியில் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அவள் கரண்டி நின்றது. “அங்கன தண்ணி உண்டாடி?”

“கிடையாது அத்தை. மழையே அபூர்வமாம். குடிக்கத் தண்ணி வேற தீவுல இருந்து கப்பல்ல வந்துச்சாம்.”

“மரம்?”

“மணலும் உப்பும்தான்.”

பாகு முற்றிக் கருகும் வரை அவள் அப்படியே நின்றாள். அதுவரை அவள் பாகு கருகியதே இல்லை. பிறகு என் வாயில் ஒரு வெல்லக்கட்டியை வைத்து, “கல்யாணம் முடியிற வரைக்கும் மூச்சு விடக் கூடாது” என்றாள். என் கண்டுபிடிப்பைத் தகுந்த சபையில் அரங்கேற்றப் போகிறாள் என்று நினைத்துப் பூரித்தேன்.

கல்யாணத்தில் அத்தை அரக்குப் பட்டு உடுத்தி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஆலத்தட்டு ஏந்தி முன்னால் நின்றாள். “சம்பந்தி எப்ப வாறாக?” என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டதற்கு, “கப்பலு தூரத்துல நிக்கிது மதினி, மெதுவாத்தேன் வருவாக” என்று சிரித்தாள்.

மதினி மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டுப் போனாள். வண்டி தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு உள்ளே வந்த அத்தை, கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். “ஏ புள்ள, இப்பச் சொல்லு, அந்தத் தீவ.”

கையைக் கட்டிக்கொண்டு, பேச்சுப்போட்டி ராகத்தில் ஆரம்பித்தேன். இருக்குமிடம், உப்பு, அடிமைகள், மணல். மழை பெய்யாது என்ற இடத்துக்கு வந்தபோது தாத்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தை எழுந்து புழக்கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. மறுநாள் எல்லாரும் சுருளிக்குப் போனார்கள். அருவியில் நனைந்தபடி அத்தை, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி மேற்குப் பக்கமாக வீசிக்கொண்டே இருந்தாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை. நானோ, இவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்துச் சொன்ன பிள்ளையை ஒருவர்கூடப் பாராட்டவில்லையே என்று பாறைமேல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏஜெண்டு வாசல் தாண்டுமுன்பே மாமா போனது நிஜம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதும், ஆடியும் ஆவணியும் அவள் தனியாகத் துக்கம் காத்தாள் என்பதும் எனக்கு உறைக்கப் பல வருஷங்கள் ஆயின. அத்தையும் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் இதைச் சொல்லி, “நல்லவேளை, அன்னைக்கு அந்தத் தீவு என் கண்ணுல படல. இல்லேன்னா மதினி கல்யாணம் என்னாயிருக்கும்?” என்று கண்கலங்கினேன்.

அம்மா வெற்றிலையை மெல்வதை நிறுத்தவில்லை.

“தலையில சொருகின சீப்ப வீடு பூராம் தேடுறவ நீயி. அது தெரிஞ்சுதேன் ஒங்கத்த ஒன்னையப் பாக்கச் சொன்னா.”