காப்பியில் கரைத்த இரும்பு

ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறத் தெரிந்தவனை எந்த எஸ்டேட்டும் லேசில் திருப்பி அனுப்பாது. ஒரே மூங்கில்தான். கணுவுக்குக் கணு குச்சி செருகியிருக்கும். கால் விரல்களால் அதைக் கவ்விக்கொண்டு ஏற வேண்டும். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடியை அப்படித்தான் எட்ட முடியும். செங்கல் சூளை, சாயப்பட்டறை, லாரி கிளீனர் வேலை, கேரளத்து ரப்பர் தோட்டம் என்று சுற்றிவிட்டு, ஐம்பது வயதில் அடிவாரத்தில் பஸ் ஏறி இந்த மலைக்கு வந்தேன். கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட்டில் எனக்கு ஓர் அறை கிடைத்தது அந்த ஏணியால்தான். ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு தராத மரியாதையை அது தந்தது.

போன ஆடியில், காப்பிக்கு நிழல் தரும் மரங்களில் கிளை கழித்துக்கொண்டிருந்தேன். பாதி ஏணியில் கண் இருட்டியது. மூங்கிலைக் கட்டிப்பிடித்தபடி வழுக்கி இறங்கினேன். முழங்கைத் தோல் போனது, எலும்பு தப்பியது. எங்களை வேலை வாங்கும் ரைட்டர், டாக்டர் சரியென்று சொல்லும்வரை ஏணியைத் தொடக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டார். தை பிறந்தால் மிளகு பறிப்பு. அதுவரை தரை வேலை; அதற்குள் தேறாவிட்டால் கடைசிவரை அதுதான். களை வெட்டுவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் ஏணிக்காரனாக இருந்த இடத்தில் காலம் முழுக்கக் களை வெட்ட எனக்கு மனம் வராது, மூட்டையைக் கட்டிவிடுவேன். பல முறை கட்டிய மூட்டைதான். இந்த முறை அடுத்த ஊர் எதுவென்று தெரியவில்லை.

வாழவந்தி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, இரும்புச்சத்து மிகவும் குறைந்திருக்கிறது என்றார்கள். கொடுத்த மாத்திரை என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் டாக்டர், தினமும் கரைத்துக் குடிக்கும் ஒரு சத்துப் பவுடரை எழுதிக் கொடுத்தார். டவுன் மருந்துக்கடையில் வாங்கினேன். செம்மண் நிறம். திறந்தால் மழையில் நனைந்த கடப்பாறையின் வாசம்.

டப்பாவில் தண்ணீரில் கரைக்கவும் என்று தமிழிலும் போட்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். எங்கள் எஸ்டேட்டில் விடிந்ததும் எல்லாரும் குடிப்பது வரக்காப்பி. பால் கிடையாது, வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்தது. அதுவும் தண்ணீர்தானே என்று என் ஆறாம் வகுப்பு முடிவு செய்தது. கடப்பாறை வாசத்தை மறைக்கவும் அது வசதியாக இருந்தது. ஒரு நாள் தவறாமல் மூன்று மாதம் குடித்தேன். என்னோடு களை வெட்டிய கொட்டச்சேட்டுக்காரப் பெண் ஒருத்தி, டப்பாவைப் பார்த்தாலே பேச்சை ஆரம்பித்துவிடுவாள்.

“அண்ணனுக்கு இன்னும் பல்லு மொளைக்கலைங்க, அதான் மாவு கரைச்சுக் குடிக்கறாரு.”

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு மறுபடி ரத்தம் கொடுக்கப் போனேன். ஒரு மாற்றமும் இல்லை. நர்ஸ் அம்மா சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, தெனமும் குடிக்கறீங்களா?”

“ஒரு நாள் உடலைங்க.”

“எதுல கரைக்கறீங்க?”

“வரக்காப்பியிலதானுங்க.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இந்த மலையில் இப்படிச் செய்யும் முதல் ஆள் நான் இல்லையாம். காப்பி இரும்பை உடம்பில் சேரவிடாது, போட்டதைக் காப்பியே தூக்கிக்கொண்டு போய்விடும் என்று விளக்கினார். தண்ணீரில் கரைத்து அரை எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும்; காப்பிக்கு அதன் பிறகு இரண்டு மணி நேரமாவது ஆக வேண்டும்.

சூளையில் பட்டினி கிடந்திருக்கிறேன், லாரிக்கு அடியில் தூங்கியிருக்கிறேன். அதெல்லாம் வந்தது, பட்டேன். பக்கத்து அடுப்புகளில் காப்பி கொதிக்கும் மலைக் குளிரில், புளித்த கடப்பாறைத் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் சும்மா இருந்தது நானாக ஏற்றுக்கொண்டது. எந்த ஊரிலும் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாதவன், அதை ஒரு காலைகூடத் தவறவிடவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

மார்கழிக் கடைசியில் மூன்றாம் முறை ரத்தம் கொடுத்தேன். டாக்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டு, இனி ஏறலாம், பவுடரை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றார். ரைட்டர் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். மிளகு பறிப்பின் முதல் நாள், என் ஏணியின் அடியை வேறு யாருக்கும் விடாமல் தானே பிடித்துக்கொண்டார்.

முப்பதடி உயரம். விரல்கள் குச்சிகளை மறக்கவில்லை. கண் தெளிவாக இருந்தது. கீழே காப்பிச் செடிகளில் பழுத்து நின்ற கடைசிப் பழங்கள்கூடத் தெரிந்தன. இடுப்புப் பை பாதி நிறைந்தபோது, அந்தக் கொட்டச்சேட்டுக்காரப் பெண் காப்பித் தூக்கோடு வந்தாள்.

ரைட்டர் அண்ணாந்து கூப்பிட்டார். “எறங்கி வாங்க, காப்பி வந்துருச்சு.”

“இன்னும் அரை மணி நேரம் ஆகோணுமுங்க,” என்றேன். “அதுக்குள்ள இந்த மரத்த முடிச்சிடறேன்.”

“பல்லு மொளைச்சிருச்சாட்ட இருக்குது,” என்று அவள் கீழேயிருந்து சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. அடுத்த குச்சிக்குக் காலை எடுத்து வைத்தேன்.