வெள்ளிக்கிழமைப் பொரியும் சனிக்கிழமை நைட்ரேட்டும்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, மலாக்காவில் எங்கள் புக்கிட் பெருவாங் வீட்டில் அப்பா ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார். உள்ளே மூன்று மீன்கள், நாலைந்து பவளங்கள். பூவாய் விரிந்து ஆடவேண்டிய பவளங்கள் அந்த வருடம் சுருங்கியே கிடந்தன. தீபாவளிக்குள் அவை விரியாவிட்டால் தொட்டியைப் பாச்சாங்கிலுள்ள வளர்ப்புமீன் கடைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அழுது பார்த்தேன், தீர்ப்பு மாறவில்லை.

நோய் என்னவென்று எங்களுக்குத் தெரியும். மீன் தின்னாமல் விட்ட தீனி அழுகினால் தண்ணீரில் நைட்ரேட் ஏறும். சோதனைக் குப்பியில் தொட்டித் தண்ணீரெடுத்து, மருந்தைச் சொட்டுவிட்டுக் குலுக்க வேண்டும். மஞ்சளாக நின்றால் நலம், சிவந்தால் ஆபத்து. அந்த உத்தியோகம் என்னுடையது. அப்பா வாரம் தவறாமல் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புது உப்புநீர் ஊற்றினார். வியாழன்வரை சிவப்பு கொஞ்சம் இறங்கும். சனிக்கிழமை காலையில் மறுபடியும் குங்குமமாக நிற்கும்.

மூன்று சனிக்கிழமைகள் இப்படியே ஆனதும் எனக்குப் பொறி தட்டியது. வடிகட்டிப் பையைக் கழற்றி உதறினேன். கொழகொழவென்று ஒரு பிடி அரிசிப்பொரி விழுந்தது.

அதற்குமேல் துப்பறிய என்ன இருக்கிறது? வெள்ளிதோறும் கோயிலுக்குப் போய்ப் பொரியோடு திரும்புகிறவர் பெரியப்பா ஒருவர்தான். பெரியம்மா இறந்தபின் நியாலாஸ் ஊரிலிருந்த வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு இருக்க வந்தவர். குளத்து மீனுக்குப் பொரி போட்டால் புண்ணியம் என்று வளர்ந்தவருக்குக் குளமென்ன, கண்ணாடித் தொட்டியென்ன.

மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும், ஊறிய பொரியை ஒரு கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு போய் நின்றேன். பெரியப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நான்தான்லா போட்டேன். மீனுக்குப் பசிக்குமேன்னு."

இல்லை என்று ஆரம்பித்த என் காலை அப்பா நன்றாக மிதித்தார். அம்மா அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். அப்பா தலையைக் குனிந்து ரசம் ஊற்றிக்கொண்டார்.

மாலையில் அவர் பெரியப்பாவைத் தொட்டியருகே கூட்டிப்போனார். "அண்ணே, வெள்ளிக்கிழமை தீனி இனிமே உங்க பொறுப்பு. இந்தச் சின்னக் கரண்டில ஒன்னு, அவ்ளோதான்." பெரியப்பா கரண்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குற்றவாளிக்குப் பதவி கொடுத்த கொடுமையைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது.

ஆனால் சனிக்கிழமைகள் வெளுக்கத் தொடங்கின. தீபாவளி வாரத்தில் குப்பி எலுமிச்சை மஞ்சளில் நின்றது. தீபாவளிக் காலையில் பவளங்கள் விரல் விரலாக விரிந்து ஆடின. எண்ணெய்த் தலையோடு வீடெல்லாம் ஓடினேன். தொட்டியை விரட்டப் பார்த்த அம்மாவே, வந்தவர்களுக்கு முறுக்கைக் கொடுக்கும் முன்பே அதைக் காட்டி, "தண்ணியெல்லாம் எங்க பொண்ணுதான் பாத்துக்குது" என்றார். அன்று மலாக்காவிலேயே என்னைவிடப் பெரிய ஆள் கிடையாது.

ஒரே ஒரு குறைதான். குற்றவாளியைப் பிடித்தவள் நான். அப்பா பொய் சொல்லி அந்தப் பெருமையைக் கெடுத்துவிட்டார் என்று வெகுநாள் முறைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பைகளோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்த மனிதரிடம், 'உங்களால்தான்' என்று நான் சொல்லியிருந்தால், தட்டில் மிச்சமிருந்த சோற்றை அவர் எப்படி விழுங்கியிருப்பார் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை.