மரத்தின் மேல் பழி

கம்பை ஊன்றிவிட்டால் அறுநூறு அக்கா பேச மாட்டார். காடே தீப்பிடித்தாலும் பத்து நிமிடம் கழித்துத்தான் என்ன ஏது என்று கேட்பார். கம்பின் உச்சியில் செயற்கைக்கோள் சமிக்ஞையை வாங்கும் கருவி இருக்கிறது. தான் நிற்கும் இடம் எது என்று நொடிக்கு ஒரு முறை அது கணக்குப் போட்டுச் சொல்லும். மற்ற அளவையர்கள் அறுபது கணக்கோடு மூட்டை கட்டிவிடுவார்கள். அக்காவுக்கு அறுநூறு வேண்டும், அத்தனையையும் சேர்த்துச் சராசரி பார்த்தால்தான் மனசு ஆறும். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

மரங்களுக்கு அடியில் இந்தக் கருவி கொஞ்சம் ஏமாளி. சமிக்ஞை அடிமரத்திலும் ஈர இலையிலும் மோதிச் சுற்றி வந்தாலும், நேராக வந்ததாகவே நம்பிவிடும். ஐந்து மீட்டர், எட்டு மீட்டர் தள்ளி இடத்தைக் காட்டும். அலுவலகப் படிவத்தில் 'பிழைக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருப்பதால், எது தப்பினாலும் எல்லோரும் அதில் 'மர அடர்த்தி' என்று எழுதிக் கை கழுவிவிடுவார்கள். அக்காவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"மரம் வாயில்லாத ஜீவன்னுதானே அதும்மேல பழி போடறீங்க? மிஞ்சிப்போனா அது பத்து மீட்டர் பொய் சொல்லும். அதுக்கு மேலன்னா மனுஷன் சொன்ன பொய்." படிவம் எழுதியவரிடமே திரும்பிப் போகும்.

வீட்டிலும் இதே கதைதான். "அம்மா, சாப்பாடு கொண்டுவர்றவர் எதிர்வீட்டு வாசல்ல நிக்கறார்" என்று மகள் கத்தினால், "ஜன்னலோரமா நின்னு ஆர்டர் பண்ணியிருந்தா நம்ம வாசலுக்கு வந்திருப்பார்" என்று பதில் வரும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஐம்பது மீட்டர் அளவு நாடா ஒன்று தொங்குகிறது. இறந்துபோன கணவருடையது. ஒரு மழை நாளில் மகள் அதைத் துணி காயவைக்கக் கட்டிவிட்டு, இரண்டு நாள் திட்டு வாங்கினாள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் காட்டில் நாற்பது வட்டங்களைக் குறித்தவர்கள் அக்காவும் அந்தக் கணவரும்தான். அப்போது அவர் கணவர் இல்லை, கூட வேலை பார்ப்பவர், அவ்வளவுதான். வட்டத்தின் நடுவில் ஓர் இரும்புக் கம்பியைப் புதைத்து, சுற்றியிருக்கும் மரங்களின் பருமனை அளந்தார்கள். நிழலில் கருவியை நம்ப முடியாது. அதனால் வானம் தெரிகிற வெட்டவெளி ஒன்றில் அதை வைத்து இடத்தைக் குறிப்பார்கள். அங்கிருந்து கம்பி வரை நாடா பிடித்து, திசையையும் தூரத்தையும் பதிவேட்டில் அவர் எழுதுவார். கம்பி முனையில் அக்கா. நடுவில் மரங்கள், ஆளுக்கு ஆள் தெரியாது. நாடாவை ஒரு முறை சுண்டினால் 'இறுக்கிப் பிடி', இரண்டு முறை சுண்டினால் 'சரி, எழுதிக்கோ.'

மரங்கள் எவ்வளவு பெருத்திருக்கின்றன என்று இந்த வருடம் மறுபடி அளக்கிறார்கள். முப்பத்தொன்பது கம்பிகள் கிடைத்துவிட்டன. பதிவேட்டில் பதினேழாம் வட்டத்துக்கான பக்கத்தில் மட்டும் கருவி காட்டிய இடத்தின் எண் இருக்கிறது, திசையும் தூரமும் இல்லை. வேறொரு குழு மூன்று நாள் தோண்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. நான்காம் நாள், கதவுக்குப் பின்னால் தொங்கிய நாடாவை எடுத்துக்கொண்டு அக்காவே கிளம்பினார்.

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான்க்கா. கிடைக்கலைன்னா பதினேழை அடிச்சிட வேண்டியதுதான். சார் எண்ணைத் தப்பா எழுதியிருப்பார்" என்றார் குழுத் தலைவி. வயதில் சின்னவர், பதவியில் பெரியவர்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. கணவரின் கையெழுத்தின் குறுக்கே சிவப்புக் கோடு விழுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எண் காட்டிய இடத்தில் ஒல்லி மரங்கள் நின்றன, எல்லாம் ஒரே வயது. நடுவில் ஒரு தட்டைப் பாறை. அக்கா அண்ணாந்து பார்த்தார். இலை, இலை, இலை.

"இங்க அப்போ வானம் இருந்துச்சு" என்றார்.

அன்று இந்தப் பாறையில்தான் மடியில் பதிவேட்டோடு அவர் உட்கார்ந்திருந்தார். கீழே கம்பியில் நாடாவைப் பிடித்தபடி, "முப்பத்தெட்டு!" என்று அக்கா கத்தினார். வழக்கமாக வரும் 'சரி' வரவில்லை. "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று காடு முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் வந்தது. பதிலுக்கு அக்கா நாடாவை இரண்டு முறை சுண்டினார். எழுதிக்கோ என்றால் எழுத வேண்டாமா? மனுஷன் பதிவேட்டை மூடிவிட்டு இறங்கி ஓடி வந்துவிட்டார். வெட்டவெளியின் எண்ணே கம்பியின் எண்ணாக நின்றுபோனது. அக்காவுக்கும் அன்று அது உறைக்கவில்லை.

நாடாவின் ஒரு முனையைப் பாறையில் பிடிக்கச் சொல்லித் தலைவியிடம் கொடுத்துவிட்டு, ஓடைச் சத்தம் வந்த பக்கமாக அக்கா இறங்கினார். முப்பத்தெட்டில் நின்று சருகைத் தள்ளினார். இரும்பைத் தேடும் கருவி கீச்சிட்டது. நான்கு விரல் ஆழத்தில் துருப்பிடித்த கம்பியின் தலை. அதைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் குந்தியிருந்தார், கண் கலங்கியது. பிறகு நாடாவை இரண்டு முறை சுண்டினார்.

"என்னக்கா, இழுக்கறீங்க?" என்று மேலேயிருந்து தலைவி கத்தினார்.

கம்பியின் மேல் கம்பை ஊன்றி அறுநூறு கணக்கு முடிந்ததும் படிவம் வந்தது. பிழை: முப்பத்தெட்டு மீட்டர். காரணம் என்ற கட்டத்தில் அக்காவின் பேனா நின்றது. பிறகு குண்டு குண்டாக, 'மர அடர்த்தி' என்று எழுதினார்.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த தலைவி, "முப்பத்தெட்டு மீட்டருக்காக்கா?" என்றார்.

அக்கா பேனாவை மூடினார். பக்கத்தில் நின்ற மரத்தின் அடியில் கையை வைத்து, மெதுவாக இரண்டு முறை தட்டிக்கொடுத்தார்.