ரோஸ்டரைப் பார்த்து ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சனி தொடங்கி அடுத்த கிழமைக்கான டியூட்டி ரோஸ்டரை வழக்கம்போல கேஷ் கவுன்டருக்குப் பின்னால் சுவரில் ஒட்டினேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

இதிலென்ன என்று கேட்பீர்கள். ஒரு கடை நடத்திப் பாருங்கள், தெரியும்!

வெள்ளவத்தையில் எங்களுக்கு ஒரு புடவைக்கடை இருப்பது இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். கடை கணவருடையது, ரோஸ்டர் என்னுடையது. அவரிடம் விட்டால் கேட்டவர்களுக்கெல்லாம் லீவு கொடுத்துவிட்டு, தானே நின்று சாரி மடிப்பார். யாருக்குக் காலை, யாருக்குப் பின்னேரம், யாருக்கு ஞாயிறு ஓஃப் — எல்லாம் நான்தான். அதுவும் தீபாவளி நேரம் சனிக்கிழமை பின்னேரம் யார் தலையில் விழுகிறதோ, அவர் முகத்தைப் பார்க்கேலாது. கடை மூடி வத்தளைக்குப் போகவேண்டிய பத்மாக்கா, எங்கள் மூத்த சேல்ஸ் பெண், "அந்த நேரத்தில பஸ்சுக்கு நீங்கள் வந்து நில்லுங்கோ மெடம், பாப்பம்" என்று சண்டைக்கே வருவார்.

அன்று அவரும் பேசாமல் போய்விட்டார். ஒட்டின ரோஸ்டரை நானே இன்னொரு தரம் வாசித்துப் பார்த்தேன்.

அன்று என்னோடு முகம் கொடுத்துப் பேசியது ஒரேயொரு கஸ்டமர்தான். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வந்து ஒரு லேஞ்சி, அதுதான் கைக்குட்டை, மட்டும் வாங்குகிற பொடியன். அயர்ன் பண்ணின ஷேர்ட். கவுன்டரில் அவசரமே படாமல் நின்று, "எப்பிடி அன்ரி பிஸினஸ்?" என்று விசாரிப்பான். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று நினைத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை பின்னேரம் ஜெனிற்றாவின் முறை. கொட்டாஞ்சேனையில் இருந்து வருகிற பெண். போய்ப் பார்த்தால் நிற்பது பத்மாக்கா!

"அவளுக்குத் தலையிடி மெடம்."

செவ்வாய் பின்னேரமும் ஜெனிற்றா இல்லை, கடையில் வேலை செய்கிற சிங்களப் பிள்ளை நில்மினி நின்றாள். இவளுக்கு என்ன தலையிடி, ஷிஃப்ட் பார்த்து வருகிற தலையிடி?

போதாததற்கு எல்லாரும் என்னில் பாசத்தைப் பொழிந்தார்கள். "அனே மெடம், முகம் வாடிப்போச்சு, வீட்ட போங்கோ" என்று நில்மினி தன் கொழும்புத் தமிழில் கொஞ்சினாள். ஏன் என்னைக் கலைக்கிறார்கள்? நான் போனபிறகு கடையில் என்ன நடக்கிறது? ஒருநாள் பட்டுச்சாரி றாக்கையை முழுக்க இறக்கி எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

"சத்தம் போட்டாலும் உமக்குச் சந்தேகம், போடாட்டிலும் சந்தேகம்," என்றார் கணவர்.

அடுத்த சனிக்கிழமை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கடை மூடும் நேரம் பார்த்துப் பின்கதவால் உள்ளே போனேன். ரோஸ்டரில் ஜெனிற்றா. நின்றது மறுபடியும் பத்மாக்கா.

"ரோஸ்டர் போடுறது நானோ, நீங்களோ?"

"நாங்கள்தான் மெடம்," என்றார், கண்ணைக்கூட இமைக்காமல்.

பிறகு சொன்னார். ஜெனிற்றாவை ஒருவன் கல்யாணம் கேட்டிருக்கிறான். அவள் வீட்டுக்குப் பக்கத்து லேன்காரன். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அன்றிலிருந்து வேலை முடிகிற நேரம் பார்த்து எங்கள் பஸ் ஹோல்ட்டில் நிற்கிறான். அதே பஸ்சில் ஏறி, வீட்டு ஒழுங்கை வரைக்கும் பின்னால் வருகிறான். அதனால்தான் அவளுடைய நேரத்தை இவர்கள் மாற்றி மாற்றி விட்டிருக்கிறார்கள். நான் நின்றால் மாற்ற விடமாட்டேன் என்றுதான் என்னைக் கலைத்ததும். அப்படியும் பிள்ளை பயத்தில், மாதக் கடைசியோடு வேலையால் நிற்கப் போகிறாளாம். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"இவள் முடியிற நேரம் அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

பத்மாக்கா என் தோளுக்கு மேலால் சுவரைக் காட்டினார்.

"வெள்ளிக்கிழமை வந்து வாசிச்சிட்டுத்தானே போறான். லேஞ்சி வாங்கிற பொடியன்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். சொந்தப் புருஷனைக்கூட முழுசாக நம்பாத நான், நம்பிய ஒரே ஆள்!

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா நீங்கள் அவளைத்தானே துருவுவீங்கள் மெடம். நீ என்ன செய்தனி, அவன் ஏன் பின்னால வாறான் எண்டு."

சுர்ரென்று கோபம் வந்தது. வாய் திறக்கமுதல் யோசித்தேன். கேட்டிருப்பேனா? கேட்டிருப்பேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, வாழ்க்கையிலேயே வடிவான ஒரு ரோஸ்டர் எழுதினேன். கொட்டை எழுத்து. சனி, கடை மூடும்வரை: ஜெனிற்றா. அவன் வந்தான், லேஞ்சி வாங்கினான், வாசித்தான். "எப்பிடி அன்ரி பிஸினஸ்?"

"இந்தக் கிழமை நல்லா இருக்கும் தம்பி," என்றேன்.

சனி காலையிலேயே ஜெனிற்றா என்னோடு வந்து பொலிஸில் அவன்மேல் என்ட்ரி போட்டாள். பின்னேரம் அவள் அண்ணனோடு வீட்டில். கடை மூடியதும் கதவால் வெளியே வந்தது நான், கணவர், பத்மாக்கா, நில்மினி... கடைசியாக ஒரு பெண் சார்ஜன்ட். ஹோல்ட்டில் நின்றவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

"என்ன தம்பி, லேஞ்சி முடிஞ்சுதோ?" என்று கேட்டேன். சார்ஜன்ட் சிங்களத்தில் மிக மரியாதையாக, கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் போய்வருவோம் தம்பி என்றார்.

இனி அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறான். நான் நம்பவில்லை. ஜெனிற்றாவைத் தனியாக பஸ் ஏற விடுவதுமில்லை.

ரோஸ்டர் இப்போது உள்ளே, தேத்தண்ணி ஊற்றுகிற மேசைக்கு மேலே. நேற்று அடுத்த மாத முதல் கிழமைக்கு ஒட்டினேன். பத்மாக்கா தொடங்கினார்: "திரும்பவும் சனி பின்னேரம் நானோ?" நில்மினி "அனே மெடம்" என்று இழுத்தாள். அதற்குள் ஜெனிற்றா எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"எனக்கேன் மெடம் ஞாயிறு போட்டனீங்கள்? நான் சேர்ச்சுக்குப் பூசைக்குப் போறேல்லையோ?"

மாதக் கடைசியோடு நிற்கப் போகிறவள் அடுத்த மாத ஞாயிறுக்குச் சண்டை பிடிப்பாளா? எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிறை அடித்துத் திங்களாக மாற்றினேன்.

அப்பாடா... இனி நிம்மதியாக எல்லாரையும் சந்தேகப்படலாம்!