கேட்காமல் விட்ட தமிழ்ப் பாட்டு

யுத்தம் முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். கண்டி மலையில், மடுல்கெல்லைப் பக்கம் தேயிலைச் சரிவில் இருந்த ஒரு ஹோட்டலில் நானும் மனைவியும் இரண்டு நாள் தங்க மகள் ஏற்பாடு செய்திருந்தாள். அன்று மாலை பாட்டு உண்டு என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளை ஒரு கச்சேரிக்கும் கூட்டிப் போனதில்லை. ஆறு மணிக்கே சேலை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

பாட்டு என்றது ஒரே ஒரு ஆள். கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் மேளம் தானாக அடித்தது. அவர் நாலு ஆங்கிலப் பாட்டும், பைலா என்கிற சிங்களக் குத்துப்பாட்டு இரண்டும் பாடினார், பாட்டுக்கு நடுவே சிங்களத்தில் பேசினார். மைக் இடையிடையே கீச்சிட்டது. வெளியே மழை. எங்களைத் தவிர கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் மட்டும் இருந்தது. அவர்களும் சாப்பாட்டைத்தான் கவனித்தார்கள்.

தமிழர்களைத் தேடி அடித்த எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வெளியே போனால் சிங்களத்தில் பேசுவது, அல்லது பேசாமல் இருப்பது, எங்கள் வீட்டுப் பழக்கம். அதை ஏற்படுத்தியவன் நான்தான்.

"ஏங்க, ஒரு தமிழ்ப் பாட்டு பாடச் சொல்லுங்களேன்" என்று அவள் காதருகே சொன்னாள்.

"சும்மா இரு. அந்தாளுக்கு எங்க தமிழ் தெரியப்போகுது?"

"அவரு சிங்களம் பேசுறத கேட்டீங்களா? அப்படியே நீங்க பேசுற மாதிரியே இருக்கு. நம்ம ஆளுதான்."

நான் சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் பாடகரே எங்கள் மேசைக்கு வந்து, என்ன பாட்டு வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். அவள் நிமிர்ந்து வாய் திறந்தாள். மேசைக்கடியில் அவள் கையை அழுத்திப் பிடித்தேன். "ஓன எகக்" என்றேன். எதுவானாலும் சரி என்று பொருள். அவர் அவளுடைய பொட்டைப் பார்த்தார், கொஞ்சம் நின்றார். பிறகு போய், முதலில் பாடிய ஆங்கிலப் பாட்டையே திரும்பப் பாடினார்.

எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. அறைக்குப் போகும் நடையில் பாடகர் வயரைச் சுருட்டியபடி வெயிட்டரிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த ஐயா நம்மாளுதான்டா. அந்தம்மா கேக்க வந்தாங்க, இவரு விடல. கேட்டிருந்தா நாலு பாட்டு நல்லா பாடியிருப்பேன். இங்க யாரு கேக்குறா?"

"பெரிய மனுசன்ணே. நம்மள மாதிரி தோட்டத்து ஆளுன்னு நெனச்சிடுவாங்கன்னு பயம்" என்று வெயிட்டர் சிரித்தான்.

அது அவள் காதிலும் விழுந்தது. அப்போதும் திரும்பிப் போய் ஒரு பாட்டுக் கேட்டிருக்கலாம். நான் சாவியைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டு நடந்தேன்.

கலவர காலத்துப் பழைய பயம் என்று பல வருடம் எனக்கே சமாதானம் சொல்லி வந்தேன். அது பொய். வெயிட்டர் சொன்னதுதான் சரி. என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தைத் தராசில் நிறுத்தவர். அந்தக் கொழும்புக் குடும்பத்துக்கு முன்னால் நான் கண்டி டவுன்காரனாக, ஓய்வுபெற்ற அதிகாரியாக மட்டும் இருக்க விரும்பினேன்.

அவள் சண்டை போடவில்லை. மறுநாள் பஸ்ஸில் வரும்போது, "ஜன்னலைச் சாத்தவா?" என்று தமிழில் கேட்டேன். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. அவள் சிங்களத்தில், வேண்டாம் என்றாள். அவள் இறக்கும்வரை வெளியில் என்னோடு ஒரு தமிழ்ச் சொல்கூடப் பேசவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், என்னிடம் தண்ணீர் கேட்டதுகூடச் சிங்களத்தில்தான்.